அக்கினி மூலையில் ஒரு சதுர மீற்றர்

எனக்கு விலை பேசத் தெரியும் என்பது எங்கள் சொந்தபந்தம் முழுக்க ஒப்புக்கொண்ட விஷயம். பாரிஸில் சீலைக்கடைக்குப் போனால் என்னைத்தான் முன்னுக்கு விடுவார்கள். கடைக்காரர் விலையைச் சொன்னதும் நான் ஒன்றும் பேசாமல் சீலையை மடித்து வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பேன். (அந்தப் பார்வைக்கே பத்து வீதம் குறையும்.) ஆகவே வீட்டுக்கு ஹீற் பம்ப் பூட்டுகிற அலுவலையும் நானே பார்க்கப்போகிறேன் என்று அறிவித்தபோது வீட்டில் ஒருத்தரும் மறுத்துக் கதைக்கவில்லை. யாராவது மறுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வீடு ஓல்டன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய வீடு. நிலக்கீழ் அறையில் இருந்த எண்ணெய் ஹீற்றருக்கு என்னைவிட வயது கூட. வருஷா வருஷம் அதைச் சோதிக்க வருகிற மனிதர் அந்தமுறை அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இந்த விண்டரை ஓட்டலாம். அடுத்த விண்டருக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இங்கே ஒரு ஆள் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றால் காலில் விழுந்தாலும் வைக்க மாட்டார். எண்ணெயை விட்டு ஹீற் பம்புக்கு மாறுவது என்று முடிவு செய்தோம். வெளியில் இருக்கிற காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் விடுகிற மெஷின் அது. வெளியில் பூச்சியம் பாகையில் எங்கே சூடு இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். மகள் மூன்று தரம் விளங்கப்படுத்தினாள்.

பக்கத்து ஊர்க் கம்பனி ஒன்றிடம் விலை கேட்டேன். ஒஃபெர்ட்ட வந்தது. (விலை போட்டு அனுப்புகிற கடுதாசியை இங்கே அப்படித்தான் சொல்வது.) கடைசி வரியில் நாற்பத்தெட்டாயிரம் பிராங் என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தேன். அப்போதும் நாற்பத்தெட்டாயிரம்தான். உடனே போனை எடுத்து அந்த மெஷினின் பெயரை அடித்துத் தேடினேன். பதினான்காயிரத்துக்குக் கிடக்கிறது.

"இஞ்ச பாருங்கோ," என்று இவரைக் கூப்பிட்டேன். இவருக்கு சூக் நகரத்தில் ஒரு ரெஸ்ரோறண்டில் சமையல் வேலை. நாள் முழுக்க நின்றுவிட்டு ரெயிலில் வந்து அப்போதுதான் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்திருந்தார். "மெஷின் பதினாலு. இவன் கேக்கிறது நாப்பத்தெட்டு. எங்களைப் பார்த்தா இளிச்சவாயர் மாதிரித் தெரியுதோ?"

"மிச்சம் என்னத்துக்கு எண்டு ஒருக்கா வடிவாக் கேளுமன்," என்றார் இவர்.

"கேக்கத்தானே போறன்."

கம்பனிக்காரர் ஹெர் விட்மர் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். (ஹெர் என்றால் இங்கே திரு, பெண்களுக்கு ஃபிராவ்.) உயரமான மனிதர். சப்பாத்தைக் கழற்றி வாசலில் நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் பிளேன்ரீயும் வடையும் வைத்தேன். (வயிறு நிறைந்த ஆளோடு பேரம் பேசுவது சுகம்.) அவர் ஒரே ஒரு வடையை எடுத்துச் சாப்பிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லி, கையைத் துடைத்தார். நான் தொடங்கினேன்.

"சரி, கடைசி விலை என்ன?"

"கடைசி வரியில இருக்கு," என்றார்.

எனக்குத் தெரிந்த மிகப் பெரிய ஆயுதத்தை எடுத்தேன். ஒஃபெர்ட்டவை மடித்து மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வாசலைப் பார்த்தேன். ஹெர் விட்மரும் திரும்பி வாசலைப் பார்த்தார், யாரோ வருகிறார்களாக்கும் என்று. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தரும் வரவில்லை. விலையும் குறையவில்லை.

பிறகு வரிவரியாகப் பிடித்தேன். பழைய எண்ணெய்த் தாங்கியைக் கழுவி அறுத்து வெளியே எடுக்க ஒரு விலை போட்டிருந்தது. "அது வேண்டாம், இவரும் எங்கட அண்ணையும் அறுப்பினம்" என்றேன். "செய்யலாம். எண்ணெய் நிலத்துக்குள்ள இறங்கினால் அதுக்குப் பிறகு வாற செலவுக்கு என்னட்ட ஒஃபெர்ட்ட இல்லை" என்றார். சுவரில் துளை போடுவது, வெளியில் மெஷினுக்குக் கொங்கிறீற் போடுவது, புதுக் குழாய், கறண்டுக்காரர், அனுமதி எடுப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் அமைதியாக, கோபமே இல்லாமல், ஒரு பதில் வைத்திருந்தார். மனிதர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சத்தத்தைக் கணக்குப் பார்க்க எதுக்குக் காசு? சத்தம் வந்தா நாங்கள் பொறுப்பம்."

"நீங்கள் பொறுப்பீங்கள். பக்கத்து வீடு?" என்று கேட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரைபடத்தைக் காட்டி ஏதோ விளங்கப்படுத்தினார். படத்தில் விலை ஒன்றும் போட்டிருக்கவில்லை. ஆகவே நான் அதைப் பார்க்கவில்லை.

அதுவரை வாயே திறக்காத இவர் அப்போதுதான் சொன்னார்: "இது கலியாணச் சாப்பாடு மாதிரியப்பா. இறைச்சி விலையை மட்டும் பார்த்துச் சாப்பாட்டுக்கு விலை சொல்லேலாது. கிடாரம் வேணும், காஸ் வேணும், ஆள் வேணும், முடிஞ்ச பிறகு கழுவ வேணும்."

சமையல்காரனைக் கட்டியதன் பலன் அன்றுதான் தெரிந்தது. ஒரு நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மெஷின் என்பது இறைச்சி மட்டும்தான்.

விளங்கினால் போதுமா, காசு வேண்டாமா? எங்கள் சேமிப்பைச் சுரண்டிப் போட்டாலும் ஒரு பள்ளம் இருந்தது. வங்கி அதற்குமேல் ஒரு சதமும் தராது. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹெர் விட்மர், எண்ணெயை விட்டு மாறுகிறவர்களுக்குக் கன்ரோன், அதாவது மாகாண அரசு, உதவிக்காசு தருகிறது என்று சொல்லித் தொகையையும் சொன்னார். அந்தப் பள்ளத்தை அளவாக நிரப்பிவிடும் தொகை. எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து இன்னொரு வடை கொடுக்கவேண்டும்போல இருந்தது.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார். "அவையின்ர சம்மதக் கடுதாசி வாற வரைக்கும் வேலை தொடங்கக் கூடாது. தொடங்கினால் ஒரு சதமும் இல்லை."

"தொடங்க மாட்டம்," என்றேன். சத்தியமாக அந்த நேரம் அதே எண்ணத்தில்தான் சொன்னேன். விண்ணப்பத்தையும் அந்த வரைபடத்தையும் அவரே கன்ரோனுக்கு அனுப்பிவைத்தார்.

இனி என் பெரியண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணை அட்லிஸ்வில்லில் இருக்கிறார், கட்டட வேலையில் ஊறிய ஆள். வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் கோயிலில் நிற்பார். பஞ்சாங்கம் இல்லாமல் பல்லுப் பிடுங்கவும் போகமாட்டார். நான் சந்தோஷத்தில் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். மறுபக்கத்தில் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"எப்ப நாள் வைக்கிறாய்?"

"கடுதாசி வரவேணும் அண்ணை."

"கடுதாசி வரேக்க மார்கழி பிறந்திடும். மார்கழியில ஒரு நல்ல காரியமும் தொடங்கேலாது. தையில உன்ர நட்சத்திரத்துக்கு வாய்க்கேல்லை. கார்த்திகைக் கடைசி ஞாயிறை விட்டா இனி வைகாசிதான்."

"வேலை தொடங்கக் கூடாதாம்."

"ஆர் வேலை தொடங்கச் சொன்னது? அந்த ஞாயிறு ஒரு கல்லு வைச்சுக் கும்பிட்டு விடு. அது சாமி விஷயம். கன்ரோனுக்கும் அதுக்கும் என்ன?"

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. இவர் மட்டும், "ஹெர் விட்மரிட்ட ஒருக்காக் கேட்டுட்டுச் செய்வமே?" என்றார். பஞ்சாங்க விஷயத்தை அந்த மனிசனிடம் எந்த வாயால் கேட்பது என்று நான் அவரை அடக்கிவிட்டேன்.

ஞாயிறு விடியவே அண்ணை தன் வேலை வானை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ஒரு கல்லும் சூடமும் கொண்டுவருவார் என்று நான் நினைத்திருக்க, வானிலிருந்து மண்வெட்டி, அலவாங்கு, பலகை, கம்பி, மணல், மூன்று மூட்டை சீமெந்து எல்லாம் இறங்கின.

"என்னண்ணை இது?"

"செய்யிறதைத் திருத்தமாச் செய்வம். கொங்கிறீற்றை நாங்களே போட்டா அந்த வரியும் உனக்கு மிச்சம்."

மிச்சம் என்ற சொல்லைக் கேட்டதும் என் மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது. இது எனக்குப் பிறவி வியாதி.

எங்கே போடுவது என்பதையும் அண்ணையே தீர்மானித்தார். போனில் திசைகாட்டியைத் திறந்து தோட்டம் முழுக்க நடந்து, தென்கிழக்கு மூலையில் போய் நின்றார். "சூடு சம்பந்தப்பட்டது அக்கினி மூலையிலதான் வரவேணும்."

"அதுக்குள்ள நெருப்பே இல்லை மாமா," என்றாள் மகள்.

"சூடு வருதெல்லோ?" என்று கேட்டார். அலவாங்கை அந்த இடத்தில் ஊன்றினார்.

ஒரு சிக்கல் இருந்தது. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது. புல்லு வெட்டினாலே பக்கத்து வீட்டுக்காரர் யன்னலைத் திறப்பார்கள். ஆகவே முழுச் சடங்கையும் குசுகுசுத்துச் செய்தோம். அன்றைக்கு ஓல்டன் பக்கத்துப் பனிப்புகார் வேறு, றோட்டில் நிற்கிற ஆள் தெரியாது. அண்ணையும் இவரும் வெள்ளை வேட்டிக்கு மேலே கறுப்பு விண்டர் ஜக்கெற் போட்டுக்கொண்டு மெல்ல மெல்லக் கிடங்கு வெட்டினார்கள். நான் சீலையோடு தலையில் சால்வை போட்டுக்கொண்டு பூத்தட்டோடு நின்றேன். மணியின் நாக்கில் சமையலறைத் துவாயைச் சுற்றிக் கிலுக்கினோம். தேங்காயை நிலக்கீழ் அறைக்குள் கொண்டுபோய், எண்ணெய்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்து உடைத்தோம். பால் ஊற்றி, பூப் போட்டு, என் ஒற்றைத் தோட்டையும் (மற்றது எப்பவோ தொலைந்துவிட்டது) ஒரு ஐந்து பிராங் குற்றிக்காசையும் பட்டுத்துணியில் முடிந்து கிடங்குக்குள் வைத்தேன். சூட்டுக்காகச் செய்கிற காரியத்தில் குளிரில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அண்ணை சீமெந்தைக் கையால் குழைத்து ஊற்றி மட்டம் பார்த்தார். ஒரு சதுர மீற்றர். வார்த்த மாதிரி வந்திருந்தது.

மகள் எடுத்த படத்தை வட்ஸ்அப்பில் குடும்பத்துக்கெல்லாம் அனுப்பினேன். கைகூப்பிகளும் பூக்களுமாக வந்து குவிந்தன. அந்தச் சந்தோஷப் புளுகத்தில் ஒரு காரியம் செய்தேன். திங்கட்கிழமைக் காலை, மூதாளர் இல்லத்தில் என் வேலை இடைவேளையில், அதே படத்தை ஹெர் விட்மருக்கும் அனுப்பி, "நாங்கள் தொடங்கிவிட்டோம்" என்று எழுதி, ஒரு சிரித்த முகத்தையும் போட்டேன்.

கோப்பி ஆறுவதற்குமுதல் ஹெர் விட்மரின் போன் வந்தது.

"படத்தில இருக்கிறது கொங்கிறீற்றோ?"

"ஓம்," என்றேன் பெருமையாக. "எங்கட அண்ணை போட்டது. நல்ல மட்டம்."

அவர், "கன்ரோனிலயிருந்து கடுதாசி வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடுதான் நான் செய்த வேலை எனக்கு விளங்கியது. வரவில்லை என்றேன். சாமி விஷயம் என்றேன். நல்ல நாள் என்றேன். மார்கழி மாதத்தை ஜெர்மனில் விளங்கப்படுத்தப் பார்த்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நான் கன்ரோனுக்குப் பொய் எழுத மாட்டன். நீங்களே கன்ரோனுக்கு எடுத்து நடந்ததைச் சொல்லுறது நல்லம். அதுக்கு முதல் நான் நாளைக்கு வந்து ஒருக்காப் பார்க்கிறன்" என்றார்.

வேலை முடிந்து வருகிற வழியெல்லாம் கணக்குப் பார்த்தேன். அந்தக் காசு இல்லையென்றால் ஹீற் பம்ப் இல்லை. ஹீற் பம்ப் இல்லையென்றால் அடுத்த விண்டரில் பிள்ளைகளோடு குளிருக்குள் இருக்கவேண்டும், இல்லையென்றால் வீட்டை விற்க வேண்டும். ஒரு வரியை மிச்சம் பிடிக்கப்போய் வீட்டையே தொலைத்துவிட்டேன் என்று அழுகை அழுகையாக வந்தது. இரவே அண்ணைக்கு எடுத்து, வந்து உடைத்துத் தாருங்கோ என்றேன்.

"வைச்ச கல்லைக் கிளப்பக் கூடாது," என்றார் அண்ணை. "குடும்பத்துக்கு ஆகாது."

உடைத்தால் சாமி விடாது, விட்டால் கன்ரோன் விடாது. இவர் பக்கத்தில் இருந்து ரீ குடித்துக்கொண்டிருந்தார். "நான் அப்பவே கேட்டனான்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது மனம் ஆறியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார், பாவி மனுசன்.

மறுநாள் ஹெர் விட்மர் அளவுகோலும் கையுமாக வந்தார். வந்தவர் என்னைத் தாண்டிக்கொண்டு நேரே வீட்டின் மற்றப் பக்கத்துக்கு, றோட்டோரம் கராஜுக்குப் பக்கத்தில் போய் நின்று, நிலத்தைப் பார்த்தார். அங்கே புல்லுத்தான் இருந்தது. குனிந்தும் பார்த்தார்.

"எங்கே கொங்கிறீற்?"

நான் மற்ற மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் அந்தச் சதுரத்தைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, வேலிக்கு அங்காலே இருந்த பக்கத்து வீட்டு யன்னலைப் பார்த்தார். பிறகு ஒஃபெர்ட்டவின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அன்றைக்கு நான் பார்க்காமல் விட்ட படத்தை என் முகத்துக்கு முன்னால் பிடித்தார். மெஷின் கராஜ் பக்கத்தில் கீறியிருந்தது.

"இந்த இடத்தில ஒருநாளும் வைக்கேலாது. சத்தக் கணக்கு விடாது. இது ஃபிராவ் ஏக்லியின்ர படுக்கையறை யன்னல். இந்த இடத்தை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"அக்கினி," என்றேன்.

"அவர் எந்தக் கம்பனி?"

"கம்பனி இல்லை. நெருப்புக் கடவுள்."

ஹெர் விட்மர் யோசித்தார். "அவர் இந்த யன்னலைப் பார்த்திருக்க மாட்டார்," என்றார்.

பிறகு, என்னைத் தெரிந்த நாளிலிருந்து முதல்தடவையாகச் சிரித்தார். எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. "இப்ப கன்ரோனுக்கு எடுங்கோ. இந்தப் படத்தைக் கையில வைச்சுக்கொண்டு, கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ," என்றார்.

எடுத்தேன். மறுபக்கத்தில் ஒரு பெண். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். (தோட்டைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அதை அவர் கேட்கவில்லை.)

"நீங்கள் போட்ட கொங்கிறீற் எங்களுக்கு அனுப்பின வரைபடத்தில இருக்கோ?"

"இல்லை."

"அதுக்கு மேல ஹீற் பம்ப் வருமோ?"

"வராது. ஒருநாளும் வராது."

"அப்ப அது உங்கட தோட்டம்," என்றார் அந்தப் பெண். "தோட்டத்தில நீங்கள் என்னவும் செய்யலாம். ஆனா மற்றப் பக்கத்தில கடுதாசி வரும்வரைக்கும் தொடாதேங்கோ."

போனை வைத்துவிட்டு வாசற்படியில் இருந்துவிட்டேன். அழுதேன், சிரித்தேன், பிறகு ஹெர் விட்மருக்கு ரீ போட்டேன். ஒழுங்காகப் படத்தைப் பார்த்து, சரியான இடத்தில், கெட்டித்தனமாக அந்தக் கொங்கிறீற்றைப் போட்டிருந்தால் நாங்கள் தொலைந்திருப்போம். என் அரைகுறைப் புத்திதான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது. அண்ணை இதைக் கேட்டுவிட்டு, "பார்த்தியே, அக்கினி மூலை கைவிடேல்லை" என்றார். அவரை ஒன்றும் செய்ய முடியாது.

போகும்போது ஹெர் விட்மர் ஒன்று சொன்னார். கட்டட அனுமதிக்கான அறிவித்தல் இனித்தான் வருமாம். அயலட்டையில் யாருக்காவது மனக்குறை இருந்தால் மறுப்பு எழுதலாமாம். "பக்கத்து வீட்டோட நல்லபடி இருங்கோ," என்றார்.

அன்று பின்னேரமே மணி அடித்தது. கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஃபிராவ் ஏக்லி. தனியாக இருக்கிற, எழுபது தாண்டிய மனுசி. கண்டால் வணக்கம் சொல்வதோடு சரி. அன்றைக்கு ஒரு கையில் சிவப்புக் கண்ணாடிக்குள் மெழுகுதிரி, மற்றக் கையில் ஒரு அட்டை.

"ஞாயிற்றுக்கிழமை யன்னலால பார்த்தன்," என்றார் மெல்லிய குரலில். "குறை நினைக்காதேங்கோ. எவ்வளவு அமைதியாச் செய்தீங்கள். நீங்கள் அழுததையும் கண்டன். எனக்கும் அப்பிடி ஒண்டு போனது, அந்தத் துக்கம் எனக்குத் தெரியும். நாயோ, பூனையோ?"

எனக்குப் பின்னால் மகள் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் யோசித்தேன். உண்மையைச் சொல்வதென்றால், உங்கள் படுக்கையறை யன்னலுக்குக் கீழே ஒரு இரையும் மெஷினை வைக்கப் பார்த்தோம் என்று சொல்லவேண்டும். அதுவும் அவர் மறுப்பு எழுதக்கூடிய நேரத்தில்.

"சின்னது," என்றேன்.

அவர் கண் கலங்கியது. "பேர் என்ன?"

வாய் தானாகச் சொன்னது: "அக்கினி."

"வடிவான பேர்," என்று சொல்லி, மெழுகுதிரியைக் கொண்டுபோய் அந்தச் சதுரத்தின் நடுவில் வைத்துவிட்டுப் போனார். மகள் குளியலறைக்குள் ஓடிப்போய்த் துவாயை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கடுதாசி வந்தது. அனுமதியும் வந்தது. மறுப்பு ஒன்றும் வரவில்லை. இப்போது கராஜ் பக்கத்தில் ஹீற் பம்ப் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, வீடு கதகதவென்று இருக்கிறது. ஒவ்வொரு விண்டரும் முதல் சூடு வருகிறபோது எனக்குப் பெருமூச்சு ஒன்று தானாக வரும். இவர் அதைக் கேட்டுவிட்டு, சீலைக்கடையில் நான் பார்க்கிறமாதிரி வாசலைப் பார்ப்பார். (அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.) யாராவது அவசரப்பட்டு எதையாவது தொடங்கினால், "அக்கினிக்குத் தங்கச்சி பிறக்கப்போகுதோ?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

ஃபிராவ் ஏக்லி ஒவ்வொரு கார்த்திகையும் மெழுகுதிரியோடு வருவார். செய்த பாவத்துக்கு நானும் கூடவே போய் நிற்பேன், பிறகு அவருக்கு ரீயும் வடையும் கொடுப்பேன். அவருக்கும் எங்களைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள். போன தடவை வடையைக் கடித்துக்கொண்டு, இத்தனை வருஷமாகிவிட்டதே, இன்னொன்று வாங்கி வளர்க்க உங்களுக்கு மனம் வரவில்லையா என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம்," என்றேன். "வாங்கிற விலை பெரிசில்லை ஃபிராவ் ஏக்லி. மிச்சச் செலவுதான் தாங்கேலாது."